ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து செம்மண் பாலைக்கு: வண்டி, கூடாரம், நடை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் நட்ட நடுவில் இருக்கிறது ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். டார்வினுக்கும் அடிலெய்டுக்கும் ஏறக்குறைய சரிபாதி தூரம், எந்தப் பக்கம் போனாலும் சுமார் 1,500 கிலோமீட்டர். அங்கிருந்து ஃபோர்வீல் டிரைவ் வண்டியில் கிளம்பி, மேற்கு மெக்டோனல் மலைகள், பாம் வேலி, கிங்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கு, உலுரு பெரும்பாறை என்று ஒரு சுற்று வந்து அதே ஊருக்குத் திரும்புகிற பயணம் பற்றியது இது. நான் அடிலெய்டில் இருக்கிறேன். இந்தச் சுற்றை மூன்று முறை போய்வந்திருக்கிறேன். சென்னையிலிருந்தும் சிட்னியிலிருந்தும் நண்பர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மொத்தம் எத்தனை நாள் வேண்டும்? எந்த வழியாகப் போவது?

ஒன்பது நாள் இருந்தால் நல்லது. ஏழு நாளுக்குக் குறைந்தால் முழுச் சுற்றை ஆசைப்படாதீர்கள். தூரம் மொத்தம் 1,200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கேட்கக் குறைவாகத் தெரியும், சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போய்த் திரும்புகிற தூரம்தானே என்று. ஆனால் மண்சாலையில் 150 கிலோமீட்டர் என்பது அரைநாள் வேலை.

நான் போகிற வழி: முதல் இரண்டு மூன்று இரவுகள் ஆர்மிஸ்டன் கார்ஜ், ரெட்பேங்க் கார்ஜ் என்ற மலைப்பிளவுகளின் பக்கம். அங்கிருந்து டைலர்ஸ் பாஸ் என்ற கணவாய் வழியாகத் தெற்கே இறங்கி ஹெர்மன்ஸ்பர்க் என்ற சிற்றூர், பிறகு பாம் வேலியில் இரண்டு இரவு. அப்புறம் மெரினி சாலையில் கிங்ஸ் கேன்யன். கடைசியாக உலுரு. அங்கிருந்து தார்ச்சாலையில் சுமார் 450 கிலோமீட்டர் ஓட்டினால் மறுபடி ஆலிஸ்.

டைலர்ஸ் பாஸில் ஐந்து நிமிடமாவது நிறுத்துங்கள். எதிரே வட்டமாக ஒரு மலை நிற்கும். சுமார் 14 கோடி ஆண்டுகளுக்கு முன் வானத்திலிருந்து விழுந்த ஒன்று உண்டாக்கிய பள்ளத்தின் மிச்சம் அது. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான மேற்கு அரெர்ன்டே மக்கள் அதை ட்னோராலா என்கிறார்கள். அவர்கள் கதையிலும் அது வானத்திலிருந்து விழுந்ததுதான்: பால்வீதியில் ஆடிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி குழந்தையை மரத்தொட்டிலில் ஓரமாக வைக்க, தொட்டில் உருண்டு பூமியில் விழுந்தது என்பார்கள். ட்னோராலாவுக்குள் பகலில் போய்ப் பார்க்கலாம், தங்கக் கூடாது.

எந்த மாதம் போகலாம்?

மே முதல் செப்டம்பர் வரை. நம் ஊர்க் கோடை விடுமுறையின் கடைசி வாரங்கள் இங்கே நல்ல பருவத்தின் தொடக்கம். ஜனவரியில் சராசரி உச்ச வெப்பமே 36 டிகிரி, பல நாள் 40-ஐத் தாண்டும். அந்த வெயிலில் நடைக்குப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஜூன், ஜூலை பகல்கள் 20 டிகிரி சுற்றி, நடப்பதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஆனால் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். பாலைவனம் என்றதும் வெயிலை மட்டும் நினைத்துக்கொண்டு மெல்லிய போர்வையோடு வருகிறவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். ஒரு ஜூலைக் காலையில் கூடாரத்தின் மேல்துணியைத் தொட்டபோது அது அப்பளம்போல் விறைத்து நொறுங்கிய சத்தம் கேட்டது, மூச்சின் ஈரம் முழுக்க உறைந்து போயிருந்தது. வெளியே வைத்திருந்த தண்ணீர் பாட்டிலில் மேலே ஒரு விரல் கனத்துக்குப் பனிக்கட்டி. மைனஸ் 5 டிகிரி தாங்குகிற ஸ்லீப்பிங் பேக், அடியில் விரிக்க நல்ல மெத்தை, தலைக்குக் கம்பளிக் குல்லா, இந்த மூன்றிலும் காசு பார்க்காதீர்கள்.

சாதாரண எஸ்யூவி போதாதா?

உலுருவுக்கும் ஆர்மிஸ்டனுக்கும் போதும், அங்கெல்லாம் தார்ச்சாலைதான். பாம் வேலிக்குப் போதாது. கடைசி 16 கிலோமீட்டர் ஃபிங்க் ஆற்றுப்படுகையை ஒட்டியே போகிறது: மணல், உருண்டைக் கல், பாறைப் படி. தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நல்ல இடைவெளி உள்ள, லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, அதிக இழுவிசையோடு நகர்த்தும் கியர்) கொண்ட அசல் ஃபோர்வீல் டிரைவ் வண்டி வேண்டும்.

வாடகைக்கு எடுக்கிறவர்கள் ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் பாருங்கள். மண்சாலைக்கு அனுமதி உண்டா, பாம் வேலியும் மெரினி சாலையும் பெயர் சொல்லி விலக்கப்பட்டிருக்கின்றனவா, டயருக்கும் அடிப்பக்கத்துக்கும் காப்பீடு உண்டா. பெரும்பாலான நிறுவனங்கள் ஊருக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது என்றும் எழுதியிருக்கும்.

வண்டியை வாங்கும்போதே ஸ்டெப்னியை இறக்கிப் பாருங்கள். என் முதல் பயணத்தில் வாடகை வண்டியின் ஸ்டெப்னியில் பாதிக் காற்றுகூட இல்லை. பஞ்சரான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஜாக்கி இருக்கிறதா, வீல் ஸ்பேனர் நட்டில் சரியாக உட்காருகிறதா என்று அந்த முற்றத்திலேயே ஒரு முறை கழற்றி மாட்டிப் பாருங்கள். கால் மணி நேரம் ஆகும், பரவாயில்லை.

டயர் காற்றைக் குறைக்க வேண்டும் என்கிறார்களே, ஏன்? எவ்வளவு?

இந்தப் பயணத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

மண்சாலையில் வண்டிகள் ஓடி ஓடி, குறுக்கே வரிவரியாக அலை விழுந்திருக்கும். விறைப்பான டயரோடு அதில் போனால் ஒவ்வொரு வரியும் ஸ்டீயரிங் வழியாகக் கையில் அடிக்கும், நட்டு போல்ட் எல்லாம் தளரும், கூர்க்கல் டயரைக் கிழிக்கும். காற்றைக் குறைத்தால் டயர் தரையில் நீளமாகப் படிகிறது, கல்லின் மேல் குத்துப்படாமல் வளைந்து கொடுக்கிறது. மணலிலும் இதே கதைதான், படிகிற பரப்பு கூடினால் வண்டி புதையாமல் மிதக்கும். ஒட்டகத்தின் பாதம் அகலமாக இருப்பது எதற்கோ அதற்காகத்தான்.

என் கணக்கு இது: தார்ச்சாலையில் 38 பிஎஸ்ஐ, அலை விழுந்த மண்சாலையில் 28, ஆற்று மணலில் 18 முதல் 20. வண்டியின் எடையைப் பொறுத்து இரண்டு மூன்று கூடக்குறைய இருக்கும். காற்றைக் குறைத்த கையோடு வேகத்தையும் குறைத்தாக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். மண்சாலையில் நான் 70-ஐத் தாண்டுவதில்லை, மணலில் 20, 30தான். அலைகளின் மேல் 90-ல் பறந்தால் குலுக்கல் தெரியாது என்று சிலர் சொல்வார்கள். குலுக்கல் தெரியாதது உண்மைதான். அந்த வேகத்தில் டயர் தரையைச் சரியாகத் தொடுவதில்லை, வளைவில் பிரேக் போட்டால் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது.

திரும்பத் தார்ச்சாலை ஏறும்போது காற்று நிரப்ப, பேட்டரியில் மாட்டும் கம்ப்ரஸர் ஒன்றும் அளவுமானி ஒன்றும் கையோடு இருக்க வேண்டும்.

மணலில் மாட்டிக்கொண்டால்?

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். சக்கரம் சும்மா சுற்றச் சுற்ற வண்டி இன்னும் புதையும். இறங்கி, காற்றை 15 வரை குறைத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள மணலை மண்வாரியால் வாரி, வந்த தடத்திலேயே பின்னால் எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் அதிலேயே வெளிவந்துவிடும். இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுத்தால், டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் மட்டும் கயிற்றை மாட்டக் கூடாது. அது முறிந்து பீரங்கிக் குண்டுபோல் பறந்து உயிர் போயிருக்கிறது.

எவ்வளவு தண்ணீர்?

ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர், குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து. அதற்கு மேல் இரண்டு நாள் உபரி. ஒரே பெரிய தொட்டியில் வைக்காமல் மூன்று நான்கு கேன்களாகப் பிரித்து வையுங்கள், ஒன்று ஒழுகினாலும் மற்றவை இருக்கும். நடைக்குப் போகும்போது வெயில் ஏறினால் மணிக்கு ஒரு லிட்டர் என்று கணக்கு. வழியில் ஆறு இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். வரைபடத்தில் நீலமாகத் தெரிகிற ஃபிங்க் பெரும்பாலான நாட்களில் வெறும் மணல். ஆனால் மழை பெய்தால் சாலையின் குறுக்கே வெள்ளம் ஓடும். எவ்வளவு ஆழம் என்று தெரியாத தண்ணீரில் வண்டியை இறக்காதீர்கள். வெள்ளம் வடியும் வரை காத்திருங்கள், ஒரு நாள் ஆனாலும் சரி.

டீசலா, பெட்ரோலா? எங்கே நிரப்புவது?

டீசல் வண்டியே நல்லது. பெட்ரோல் வண்டி எடுத்தால் இந்தப் பகுதியில் பல பங்க்குகளில் ‘ஓபல்’ என்ற பெட்ரோல்தான் கிடைக்கும். பெட்ரோலை முகர்ந்து போதையேற்றும் பழக்கத்தால் பூர்வகுடிச் சிறுவர்கள் பலர் செத்தார்கள். அதைத் தடுக்க, போதை தரும் பொருள்களைக் குறைத்துச் செய்த பெட்ரோல் 2005 முதல் இங்கே வந்தது. வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை, தயங்காமல் போடலாம்.

ஹெர்மன்ஸ்பர்க்கை விட்டால் அடுத்த பங்க் கிங்ஸ் கேன்யன் தங்குமிடத்தில், சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி. பங்க் கண்ணில் பட்டால் டேங்கை நிரப்புங்கள், பாதி இருக்கிறதே என்று பார்க்காதீர்கள்.

அனுமதிச் சீட்டுகள் என்னென்ன?

நான்கு. ஆலிஸ் இருக்கும் நார்தர்ன் டெரிட்டரி மாகாணத்தின் பூங்காக்களுக்கு வெளியூர்க்காரர்கள் எடுக்க வேண்டிய பாஸ் (2023 முதல் கட்டாயம்), பூங்காக்களில் கூடாரம் போட இணையத்தில் முன்பதிவு, மெரினி சாலை பூர்வகுடி நிலத்தின் வழியே போவதால் அதற்கு மெரினி பாஸ், உலுருவும் அதன் பக்கத்துக் கட்ட ஜூட்டா பாறைக் குன்றுகளும் இருக்கும் உலுரு–கட்ட ஜூட்டா பூங்காவுக்குத் தனி பாஸ். மெரினி பாஸ் ஹெர்மன்ஸ்பர்க்கிலேயே கிடைக்கும். ஜூன், ஜூலைப் பள்ளி விடுமுறையில் ஆர்மிஸ்டன் முகாம் நிரம்பிவிடும், முன்பே போட்டுவிடுங்கள். பூர்வகுடி நிலங்களில் மதுவுக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

கைபேசி வேலை செய்யுமா? ஏதாவது ஆகிவிட்டால் யாரை அழைப்பது?

ஆலிஸ், ஹெர்மன்ஸ்பர்க், கிங்ஸ் கேன்யன் தங்குமிடம், உலுரு பக்கத்து யுலாரா, இவற்றைச் சுற்றி சிக்னல் உண்டு. நடுவில் கிடையாது. அதனால் 406 மெகாஹெர்ட்ஸ் அபாயக் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுத்து வாருங்கள். உள்ளங்கை அளவுதான். பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்கு நீங்கள் இருக்கும் இடம் போய்விடும். செயற்கைக்கோள் போன் இருந்தால் இன்னும் நல்லது. வண்டியில் யுஹெச்எஃப் ரேடியோ இருந்தால் 40-ஆம் சேனலில் லாரிக்காரர்கள் பேசுவார்கள். அவசர எண் 000.

உடம்புக்கு முடியாமல் போனால் வானத்தில் வருகிறவர்கள் ராயல் ஃபிளையிங் டாக்டர் சர்வீஸ். ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் 1928-ல் தொடங்கியது, ஆலிஸில் 1939 முதல் அவர்களுக்குத் தளம் இருக்கிறது. ஊருக்குள் அவர்கள் அருங்காட்சியகம் உண்டு, கிளம்புவதற்கு முந்தைய நாள் போய்ப் பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. வண்டி நின்றுபோனால், வண்டியை விட்டுப் போகாதீர்கள். அவுட்பேக் என்கிற இந்த ஆளரவமற்ற உள்நாட்டில் செத்தவர்கள் பலர் உதவி தேடி நடந்து போனவர்கள். வண்டி கிடைத்திருக்கும், சில நேரம் அதில் தண்ணீரும் இருந்திருக்கும், ஆள் எங்கோ கிடந்திருப்பார். வண்டி நிழல் தரும், கண்ணாடி மின்னும், மேலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பெரியதாகத் தெரியும். நிழலில் படுத்து, தண்ணீரைக் குடித்து, காத்திருங்கள். எங்கே போகிறோம், என்றைக்குத் திரும்புவோம் என்று ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் காத்திருப்பு குறையும்.

கூடாரம் எங்கே அடிக்க வேண்டும்?

குறித்த முகாம்களில் மட்டும். உலுரு பூங்காவுக்குள் தங்க முடியாது, யுலாராவில்தான்.

முகாமுக்குள் இடம் பார்க்கும்போது அண்ணாந்து பாருங்கள். ஆற்றோரம் நிற்கிற ரிவர் ரெட் கம் பெரிய தைலமர இனம். நிழல் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் காற்றே இல்லாத நாளிலும் யானைக்கால் பருமன் கிளையைத் திடீரென்று உதிர்க்கும். அதன் அடியில் மதியச் சாப்பாடுகூட வேண்டாம். வறண்ட ஆற்றின் மணலிலும் கூடாரம் வேண்டாம், நூறு கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழை இரவில் வந்து சேரும்.

நம் சாப்பாடு சமைக்கலாமா?

தாராளமாக. ஆலிஸில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் அரிசி, பருப்பு, தயிர், காய்கறி எல்லாம் கிடைக்கும். சின்னக் குக்கர் ஒன்று கொண்டு போனால் காஸும் தண்ணீரும் மிச்சம். முதல் இரண்டு நாளுக்குப் புளிக்காய்ச்சல், எலுமிச்சைச் சாதம், பிறகு பருப்பும் முட்டைக்கோஸும் கேரட்டும். கீரை வகை இந்தக் குலுக்கலில் ஒரு நாள் தாங்காது. முட்டையை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஒன்றும் உடையாது.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேராக வருகிறவர்கள், ஊறுகாய், பொடி, விதை, பால் பொருள் எதுவானாலும் விமான நிலையத்தில் அட்டையில் எழுதிக் காட்டிவிடுங்கள். மறைத்தால் அபராதம் கடுமையாக இருக்கும். பூங்காக்களில் விறகு பொறுக்கக் கூடாது. விழுந்து கிடக்கும் கட்டைகள் பல்லிகளுக்கும் பூச்சிகளுக்கும் வீடு.

எந்த நடைகள் தவறவிடக் கூடாதவை?

லாராபிண்டா டிரெயில் என்று 220 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நடைபாதை ஆலிஸிலிருந்து மேற்கே போகிறது, 12 பகுதிகளாக. முழுக்க நடக்க இரண்டு வாரம் ஆகும். நம்மைப் போல வண்டியில் போகிறவர்கள் அதன் கடைசித் துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: ரெட்பேங்கிலிருந்து மவுண்ட் சாண்டர் உச்சி, போய்வர சுமார் 16 கிலோமீட்டர். அரெர்ன்டே பெயர் ருவெட்யெப்மே, உயரம் 1,380 மீட்டர். அதிகாலை 3 மணிக்கு நெற்றி விளக்கோடு கிளம்பினால் உச்சியில் சூரியனைப் பார்க்கலாம். நான் போன அன்று மேலே காற்று அடித்த அடியில் தேநீர்க் குவளையைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. முதலில் சாம்பல், அப்புறம் ஊதா, கடைசியில் மலைத்தொடர் முழுக்க ஒரே வரிசையாகச் செந்நிறம் ஏறியது. ஹெர்மன்ஸ்பர்க்கில் 1902-ல் பிறந்த ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா இந்த மலையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அவர் ஊதாவை அதிகமாகப் பூசியிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். இல்லை, அங்கே அந்த நிறம்தான்.

ஆர்மிஸ்டன் பவுண்ட் சுற்று சுமார் 9 கிலோமீட்டர், பாதி நாள். மலை சூழ்ந்த கிண்ணத்துக்குள் இறங்கிப் பள்ளத்தாக்கு வழியாக வெளியே வருவீர்கள், கடைசியில் முழங்கால் அளவுத் தண்ணீர் இருக்கலாம். பாறைகளில் கங்காரு இனத்துச் சின்ன வாலபிகள் உட்கார்ந்திருக்கும், அசையாமல் நின்றால்தான் கண்ணுக்குத் தெரியும்.

கிங்ஸ் கேன்யன் விளிம்பு நடை 6 கிலோமீட்டர். தொடக்கத்திலேயே செங்குத்தாகப் படி ஏறிவிட்டால் மீதி சுலபம். வெப்பம் 36 டிகிரி என்று அறிவித்திருந்தால் காலை 9 மணிக்கு மேல் ஏற விடமாட்டார்கள். கட்ட ஜூட்டாவின் வேலி ஆஃப் தி விண்ட்ஸ் நடையிலும் அதே 36, அங்கே 11 மணிக்கு முதல் காட்சிமுனைக்கு அப்பால் மூடுவார்கள்.

பாம் வேலிக்கு ஏன் இவ்வளவு சிரமப்பட்டுப் போக வேண்டும்? பனைமரம் நம் ஊரில் இல்லையா?

பனை பார்த்து வளர்ந்த நமக்குத்தான் அந்த இடம் அதிகமாகப் பேசும். சுற்றிலும் செம்பாறை, ஸ்பினிஃபெக்ஸ் முள்புல். நடுவில் ஒரு பிளவுக்குள் விசிறி ஓலையோடு பனை இனம் ஒன்று வரிசையாக நிற்கிறது. இளங்கன்றுகளின் ஓலையில் செம்மை ஓடியிருக்கும். இந்த மரம், லிவிஸ்டோனா மரியே, காலம் காலமாகப் பாறையிடுக்கில் ஊறும் தண்ணீரைக் குடித்து நிற்கிறது.

மழைக்காடு இங்கே இருந்த பழைய யுகத்தின் மிச்சம் இது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 2012-ல் ஜப்பானிய, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்தபோது, இவற்றின் நெருங்கிய உறவு வடக்கே ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தள்ளி மடரங்காவில் இருக்கும் மரங்கள் என்று தெரிந்தது. பிரிந்தது சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன்தான். அப்படியானால் மனிதர்கள் விதையை இங்கே சுமந்து வந்திருக்கலாம். அதற்கு நூறு ஆண்டுக்கு முன்னமே, 1894-ல் ஹெர்மன்ஸ்பர்க்குக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி கார்ல் ஸ்ட்ரெலோ இந்த மக்களிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்: வடக்கிலிருந்து வந்த தெய்வங்கள் இந்த விதைகளைக் கொண்டுவந்தன என்று. கேட்டுக்கொள்ள ஆள் இல்லாமல் அந்தப் பதில் அத்தனை காலம் ஏட்டில் கிடந்தது.

மரத்தடியில் நடக்கும்போது கன்றுகளை மிதித்துவிடாமல் பாறையின் மேலேயே கால் வையுங்கள்.

பாம்பு, டிங்கோ, ஈ?

குளிர்காலத்தில் பாம்பு அரிது. கடித்தால் கழுவக் கூடாது, கால் முழுக்கப் பட்டையான, இழுபடும் துணிக்கட்டை இறுக்கிச் சுற்றி, அசையாமல் படுக்க வைத்து உதவியை அழைக்க வேண்டும். டிங்கோ எனும் காட்டுநாய்கள் செருப்பைக்கூடத் தூக்கிக்கொண்டு போகும், இரவில் எல்லாவற்றையும் வண்டிக்குள் வையுங்கள். ஈதான் உண்மையான தொல்லை. முகத்துக்கு வலை வாங்கிக்கொள்ளுங்கள்.

உலுரு மேல் ஏறலாமா?

முடியாது. 2019 அக்டோபர் 26 முதல் மூடிவிட்டார்கள், 1985-ல் அதே நாளில்தான் அந்த நிலம் அதன் சொந்தக்காரர்களான அனங்கு மக்களுக்குத் திருப்பித் தரப்பட்டது. கோயில் கோபுரத்தில் செருப்புக்காலோடு ஏறச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அடிவாரத்தைச் சுற்றி 10.6 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். தூரத்திலிருந்து வழவழவென்று தெரிகிற பாறை, பக்கத்தில் போனால் செதில் செதிலாக, குகையும் சுனையுமாக இருக்கும். சில பகுதிகளில் படம் எடுக்கக் கூடாது என்று பலகை வைத்திருப்பார்கள், அங்கே போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

இரவில் வண்டி ஓட்டலாமா?

வேண்டாம். கங்காரு, மாடு, ஒட்டகம் எல்லாம் அந்தி நேரத்தில் சாலைக்கு வரும். நெடுஞ்சாலையில் 53 மீட்டர் நீள ரோடு டிரெயின் லாரிகள் எதிரே வரும், அவற்றால் சட்டென்று நிற்க முடியாது. மாலை 4 மணிக்குக் கூடாரம் அடித்துவிடுகிற மாதிரி நாளைத் திட்டமிடுங்கள். ஏழு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு மல்லாந்து படுத்தால் தெற்குச் சிலுவையும், அதன் பக்கத்துக் கருந்திட்டைத் தலையாக வைத்து பால்வீதி நெடுக நீளும் இருட்டு ஈமுவும் தெரியும். நட்சத்திரங்களை இணைத்து உருவம் பார்த்துத்தான் நமக்குப் பழக்கம். இங்கே நட்சத்திரம் இல்லாத இடத்தில் பறவையைக் கண்டிருக்கிறார்கள்.

நாலே நாள்தான் விடுமுறை. எதை விடுவது?

உலுருவையும் கிங்ஸ் கேன்யனையும் விட்டுவிடுங்கள். உலுருவுக்கு யுலாரா விமான நிலையம் இருக்கிறது, இன்னொரு முறை நேராகப் பறந்து வரலாம். ஆர்மிஸ்டனில் இரண்டு இரவு, பாம் வேலியில் ஒரு இரவு, நான்காம் நாள் மாலைக்குள் ஆலிஸ். மண்சாலை கொஞ்சம்தான், மெரினி பாஸும் தேவைப்படாது, ஆர்மிஸ்டனிலிருந்து டைலர்ஸ் பாஸைத் தவிர்த்து வந்த வழியே திரும்பி ஹெர்மன்ஸ்பர்க் போனால் போதும். பாம் வேலிக்குள் நுழையும் முன் காற்றைக் குறைக்க மறக்காதீர்கள்.